திறனில் சிங்கப்பூருக்கு முழு மதிப்பெண், சுற்றுச்சூழலில் ஏன் இல்லை?

பகுதிநேர மாணவி எழுதியது:

வணக்கம். பகலில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, இரவு வகுப்புகளில் பொருளியல் படிப்பவள் நான். நாடுகளின் பொருளியல் திறனுக்கும் அவற்றின் சுற்றுச்சூழல் நிலைக்கும் என்ன உறவு என்பதே என் இறுதியாண்டு ஆய்வு. தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோது எளிதாகத் தெரிந்தது. இப்போது இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

நான் செய்தது இதுதான். 43 நாடுகளை எடுத்துக்கொண்டேன். உழைப்பாளர் எண்ணிக்கை, மூலதனம், ஆற்றல் ஆகிய மூன்றையும் உள்ளீடுகளாகவும், மொத்த உள்நாட்டு உற்பத்தியை விரும்பத்தக்க வெளியீடாகவும், கரியமில வாயுவை விரும்பத்தகாத வெளியீடாகவும் வைத்து, பட்டியலில் சிறந்தவற்றோடு மற்றவற்றை ஒப்பிட்டு அளக்கும், டிஇஏ (data envelopment analysis) என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறையில் ஒவ்வொரு நாட்டுக்கும் 0 முதல் 1 வரை ஒரு திறன் மதிப்பெண் கணக்கிட்டேன். பிறகு, யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை வெளியிடும் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டின் 2022ஆம் ஆண்டு மதிப்பெண்களைப் பக்கத்தில் வைத்து வரைபடம் போட்டேன். புள்ளிகள் பொதுவாக மேல்நோக்கிச் சாய்கின்றன என்றாலும், கைப்பிடி அரிசியைத் தரையில் வீசியதுபோல் சிதறிக் கிடக்கின்றன.

என்னைக் குழப்புவது ஓரத்தில் இருக்கும் மூன்று நாடுகள். சிங்கப்பூர், அயர்லாந்து, லக்சம்பர்க் மூன்றுக்கும் திறனில் 1 என்ற முழு மதிப்பெண் வருகிறது. ஆனால் டென்மார்க் முதலிடம் பெற்ற அந்தக் குறியீட்டில் லக்சம்பர்க் முதல் பத்துக்குள் இருக்கிறது; சிங்கப்பூர் அதன் பக்கத்தில்கூட இல்லை. என் வீடு வெஸ்ட் கோஸ்ட்டில் 14ஆம் மாடியில் இருக்கிறது. சில இரவுகளில் பாத்திரம் கழுவும்போது புக்கோம் தீவு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் சுடர் சமையலறைச் சன்னலில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே அந்த 1ஐ நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

திறன் கூடினால் சுற்றுச்சூழல் மேம்படுமா, மேம்படாதா என்பதை ஒரே வரியில் எழுதி வரும்படி என் விரிவுரையாளர் கேட்டிருக்கிறார். இந்த இரண்டு அளவுகளில் எதை நம்பி அந்த வரியை எழுதுவது?

---

பழைய கரும்பலகை எழுதியது:

தொடக்கக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், முதலில் அந்த 1 என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வகுப்பில் அதிகபட்சமாக ஒரு மாணவன் நூற்றுக்கு 48 எடுத்திருந்தால், அவனையே அளவுகோலாக வைத்து மற்றவர்களை அளக்கும் முறை இது. 1957இல் பொருளியலாளர் ஃபாரல் தந்த கருத்தைக் கொண்டு, 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்கு வடிவம் கொடுத்தனர். அவர்கள் மனத்தில் இருந்தவை நாடுகள் அல்ல. சேவைக்கு விலை போட முடியாத பள்ளிகள் போன்ற அமைப்புகள். ஆகவே 1 என்பதற்கு, "உங்கள் பட்டியலில் உள்ளவர்களுள் இந்த நாட்டை எல்லா வகையிலும் மிஞ்சியவர் எவரும் இல்லை" என்பதே பொருள். "இந்த நாடு நன்றாக இருக்கிறது" என்று அது எங்கும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு தாராளமும் உண்டு. எந்த உள்ளீட்டுக்கு எவ்வளவு எடை என்பதை ஆய்வாளர் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் அதற்கு மிகவும் சாதகமான எடைகளைக் கணக்கே தேடிக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு மாணவனும் தனக்குப் பிடித்த பாடத்துக்கு மட்டும் மதிப்பெண் கேட்டுப் பெறுவதற்கு இது ஒப்பாகும். ஏதேனும் ஒன்றில் உச்சத்தில் இருக்கும் நாடு அந்த ஒன்றை வைத்தே முழு மதிப்பெண் பெறும் எல்லைக்கோட்டில் போய் உட்கார்ந்துவிடும். நாடுகள் குறைவாகவும் மாறிகள் (உள்ளீடுகளும் வெளியீடுகளும்) அதிகமாகவும் இருந்தால் பாதிப் பட்டியலே முழு மதிப்பெண் வாங்கும்.

இனி உங்கள் மூன்று நாடுகள். அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 2015ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 26 விழுக்காடு உயர்ந்ததாகக் கணக்கு வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துகளைக் கணக்கேட்டில் அங்கு மாற்றியதே அதற்கு முக்கியக் காரணம். அந்த ஆண்டு எந்தப் புகைபோக்கியும் அணையவில்லை, எந்த மாடும் குறைவாக ஏப்பம் விடவில்லை. ஆனால் ஒரு யூரோ உற்பத்திக்கு எவ்வளவு கரியமில வாயு என்று வகுத்துப் பார்த்தால் அயர்லாந்து ஒரே ஆண்டில் தூய்மையாகிவிட்டது. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே பிறகு, இந்த ஊதலைக் கழித்த, திருத்திய தேசிய வருமானம் என்ற வேறோர் அளவை வெளியிடத் தொடங்கியது. அயர்லாந்துக்கு நீங்கள் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

லக்சம்பர்க்கின் கதை வேறு. அங்கு வேலை பார்ப்பவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறார்கள். அவர்கள் உண்டாக்கும் மதிப்பு லக்சம்பர்க்கின் கணக்கில் ஏறுகிறது. அவர்கள் வீட்டைச் சூடாக்க எரிக்கும் எரிவாயு அண்டை நாட்டின் கணக்கில் விழுகிறது. உங்கள் உழைப்பாளர் எண்ணிக்கை அங்கே குடியிருப்பவர்களை மட்டும் எண்ணுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் உள்ளீட்டில் பாதியை நீங்கள் எண்ணவே இல்லை. நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: அங்கே எரிபொருள் மலிவு என்பதால் கடந்து செல்லும் லாரிகள் நிரப்பிக்கொண்டு போகும் டீசல், வேறு நாட்டுச் சாலையில் எரிந்தாலும், லக்சம்பர்க்கின் தலையில் எழுதப்படுகிறது.

நீங்கள் பக்கத்தில் வைத்திருக்கும் குறியீடும் ஒரு கலவைதான். 2022 பதிப்பில் பருவநிலைக்கு 38, உயிர்ச்சூழலுக்கு 42, மக்கள் நலத்துக்கு 20 என்று விழுக்காடுகள் பிரிக்கப்பட்டிருந்தன. காடு, மீன்வளம், பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பு என்று கேட்டால் ஒரு நகரம் என்ன பதில் சொல்லும்? அதே பதிப்பில் 180 நாடுகளில் இந்தியா கடைசியாக வந்தபோது, 2050இல் வெளியேற்றம் எவ்வளவாக இருக்கும் என்று முன்கணித்து மதிப்பெண் போட்டது ஏற்கத்தக்கதல்ல என்று இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சு மறுப்பு வெளியிட்டது. அந்த மறுப்பில் பாதி நியாயம் இருந்தது என்பது என் எண்ணம்.

ஆகவே இரண்டில் எதை நம்புவது என்ற கேள்வியைச் சற்றே தள்ளி வையுங்கள். இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை.

---

துவாஸ் சில்லர்காரன் எழுதியது:

ஐயா மேலிருந்து சொன்னதை நான் கீழே இயந்திர அறையிலிருந்து சொல்கிறேன். துவாஸில் ஒரு தொழிற்சாலையின் ஆற்றல் மேலாளராக இருக்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம்.

ஆலையைக் குளிர்விக்கும் எங்கள் பழைய சில்லர் அமைப்பு, ஒரு குளிர் டன்னுக்கு (குளிரூட்டும் திறனின் அலகு அது) 0.95 கிலோவாட் மின்சாரம் தின்றுகொண்டிருந்தது. சில்லர்களை மாற்றி, பம்புகளுக்கு வேகக் கட்டுப்பாடு போட்டு, வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் குழாய்களைப் பந்துகள் தாமாகத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஏற்பாட்டையும் சேர்த்தபின் அது 0.63க்கு இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மேடையில் ஏற்றிப் படமும் எடுத்தார்கள். மாற்றுவதற்கு முன் எங்கள் குளிரூட்டும் சுமை 800 டன், அதாவது 760 கிலோவாட். குளிரூட்டும் செலவு இறங்கியதைக் கண்ட நிர்வாகம், அதுவரை கட்டுப்படியாகாது என்று தள்ளிவைத்திருந்த, தூசு புகாத இரண்டாவது தூய அறையைக் கட்டியது. சுமை 1,400 டன்னாக ஏறியது. 0.63ஆல் பெருக்கிப் பாருங்கள்: 882 கிலோவாட். திறனில் நாங்கள் முன்பைவிடச் சிறந்தவர்கள். மின்கட்டணத்தில் முன்பைவிடப் பெரியவர்கள். மின்நிலையத்தின் புகைபோக்கிக்குத் தெரிவது இரண்டாவது எண் மட்டுமே.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. 1865இலேயே ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ், நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியதால்தான் இங்கிலாந்தின் மொத்த நிலக்கரிப் பயன்பாடு பெருகியது என்று எழுதினார். நாடுகளுக்கும் இதே கணக்குத்தான்: மக்கள்தொகை, தலைக்கு உற்பத்தி, ஓர் அலகு உற்பத்திக்கு ஆற்றல், ஓர் அலகு ஆற்றலுக்குக் கரியமில வாயு ஆகிய நான்கையும் பெருக்கினால் மொத்த வெளியேற்றம் வரும். ஜப்பானியப் பொறியாளர் காயாவின் பெயரால் வழங்கும் சமன்பாடு அது. உங்கள் டிஇஏ மூன்றாவது, நான்காவது எண்களைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. இயற்கை நான்கையும் பெருக்கித்தான் வாங்கிக்கொள்கிறது.

---

நொய்யல்கரை எழுதியது:

சகோதரி, நான் திருப்பூர்க்காரன். பதினொரு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். என் அப்பா ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர் என்பதால் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

1990களிலும் 2000களிலும் திருப்பூர், செலவுக் கணக்கில் மிகத் திறமையான ஊர். ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட எங்களைவிட மலிவாக யாரும் இல்லை என்று வெளிநாட்டு வாங்குநர்கள் வந்து நின்றார்கள். அந்த மலிவுக்கான விலையில் ஒரு பகுதியை நொய்யல் ஆறு செலுத்தியது. சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும். உப்பு துணியில் தங்காது. கழிவுநீரோடு ஆற்றுக்குப் போகும். பாசனத்துக்கென்று ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. மழைக்காலத்தில் தண்ணீர் திறந்துவிடச் சொல்ல வேண்டிய உழவர்களே, திறக்காதீர்கள், வயல் கெட்டுவிடும் என்று கெஞ்சிய ஊர் அது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றிய பிறகே திறக்க முடிந்தது. அப்பா அந்த மாதங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. நீதிமன்றத்தின் மேல் அவருக்குக் கோபம் இருந்தது. ஆனால் எங்கள் தோட்டத்துக் கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்தவரும் அவர்தான்.

இப்போது கவனியுங்கள். சவ்வு வடிகட்டியில் நீரைப் பிரித்து, மிஞ்சும் அடர்ந்த உப்புநீரைக் கொதிகலன் நீராவியால் ஆவியாக்கி உப்பாக்குகிறார்கள். நீரில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. உப்புக் கரைசலும் மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது. கடுமையான விதி வந்தால் தொழில் புதுமை காணும், செலவையும் ஈடுகட்டிக்கொள்ளும் என்று 1990களில் ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் வாதிட்டாரே, அதற்கு எங்கள் ஊரைப் பாதிச் சான்றாகக் காட்டலாம். மீதிப் பாதி கொதிகலனில் இருக்கிறது. அதற்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். ஆற்றில் கலந்தது நின்றது, வானத்தில் கலப்பது கூடியது, எதற்கும் உதவாத உப்புச் சேறு கொட்டகைகளில் மூட்டைகளாக அடுக்கப்பட்டது. உங்கள் அட்டவணையில் கரியமில வாயு மட்டுமே இருப்பதால், நொய்யலைக் காப்பாற்றியதற்காகத் திருப்பூரின் மதிப்பெண் குறையும்.

இன்னொன்று. இங்கே தேக்கா கடைகளில் நான் வாங்கும் பனியனின் உட்கழுத்தில் சில சமயம் எங்கள் ஊரின் பெயரே இருக்கிறது. அதன் சாயமும் புகையும் இந்தியாவின் கணக்கில். அதை இறக்கி, விற்று, லாபம் பார்த்தது சிங்கப்பூரின் உற்பத்திக் கணக்கில். உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் ஒரு நாட்டைத் திறமையானது என்று சொல்லும்போது, மீதியை யார் சமைத்தார்கள் என்றும் கேட்க வேண்டாமா?

---

ஈசூன் மாடிவீடு எழுதியது:

திறன் என்றாலே ஏமாற்று என்று முடிவுகட்டும் திசையில் இந்த உரையாடல் போவதாகத் தோன்றுவதால் குறுக்கிடுகிறேன்.

திறனற்ற பொருளியல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் சோவியத் ஒன்றியத்தைப் பாருங்கள். அங்கே விலை எதையும் உணர்த்தவில்லை. தண்ணீருக்கும் நிலக்கரிக்கும் கணக்குக் கேட்பாரில்லை. பருத்திக்காக ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பி, பூசப்படாத மண் கால்வாய்களில் பெரும்பங்கை மணலுக்குத் தாரைவார்த்ததில், 1960களிலிருந்து ஏரல் கடல் வற்றத் தொடங்கியது. குறைந்த உற்பத்தி, நிறைந்த நாசம். வீணடிப்பதும் மாசுபடுத்துவதும் பெரும்பாலும் ஒரே செயலின் இரண்டு பெயர்கள்தான். மாணவியின் புள்ளிகள் மேல்நோக்கிச் சாய்வதற்கு அடிப்படை அதுவே.

சில்லர்காரரின் கணக்கை அவருக்கே திருப்பித் தருகிறேன். பழைய இயந்திரங்களோடு 1,400 டன் ஓட்டியிருந்தால் 1,330 கிலோவாட் ஆகியிருக்கும். 448 கிலோவாட் மிச்சப்பட்டதை ஏன் மறைக்கிறீர்கள்? சிங்கப்பூரின் மின்சாரம் முன்பு பெருமளவு எரியெண்ணெயில் தயாரானது; இப்போது ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயு. அணை கட்ட ஆறில்லை, காற்றாலைக்குக் காற்றில்லை, சூரியத் தகடு விரிக்க நிலமில்லை. இந்தக் கட்டுகளுக்குள் ஒரு நாடு செய்யக்கூடியது திறனைக் கூட்டுவதுதான். புக்கோமின் சுடர் சன்னலில் தெரியாமல் போனால், அதே பெட்ரோல் வேறெங்கோ இதைவிட மோசமான ஆலையில் சுத்திகரிக்கப்படும். சுவீடன் 1991இலேயே கரியமில வாயுவுக்குக் கரிம வரி போட்டது. வெளியேற்றமும் குறைந்தது, பொருளியலும் வளர்ந்தது. முடியாத காரியம் அல்ல.

---

துவாஸ் சில்லர்காரன் எழுதியது:

448ஐ மறைக்கவில்லை, நண்பரே. ஆனால் பழைய இயந்திரங்களோடு அந்த இரண்டாவது அறை கட்டப்பட்டே இருக்காது என்பதுதான் நான் சொல்ல வந்தது. நிர்வாகக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். திட்டத்தை நகர்த்தியது என்னுடைய 0.63தான். நடக்காத ஒன்றோடு ஒப்பிட்டு மிச்சம் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சுவீடன் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அங்கே வேலை செய்தது விலை. இங்கும் கரிம வரி 2019 முதல் ஒரு டன் வெளியேற்றத்துக்கு 5 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தவரை, எங்கள் கூட்டங்களில் அந்தச் சொல்லையே யாரும் உச்சரித்ததில்லை. 2024இல் 25 வெள்ளி ஆனது; 2026இல் 45; 2030க்குள் 50 முதல் 80 என்று அறிவித்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 25,000 டன்னுக்குக் குறையாமல் வெளியிடும் ஆலைகள்தாம் நேரடியாகக் கட்ட வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அது மின்கட்டணம் வழியாக வந்து சேர்கிறது. அடுத்த விரிவாக்கத்தின் கணக்கில் இப்போது கரிம வரிக்கென்று தனி இடம் இருக்கிறது. திறனோடு விலையும் சேர்ந்தால்தான் மிச்சம் மிச்சமாகவே நிற்கும்.

---

பழைய கரும்பலகை எழுதியது:

இந்த விவாதத்தில் நான் இருவர் பக்கமும் பாதிப் பாதி நிற்கிறேன் என்று சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை. சில்லர்காரர் பக்கமே சாய்கிறேன். அதற்கான காரணம் சிங்கப்பூரின் சொந்த இலக்குகளிலேயே இருக்கிறது. 2015இல் பாரிஸ் உடன்பாட்டுக்காகச் சிங்கப்பூர் அளித்த உறுதிமொழி ஒரு விகிதம்: ஒரு வெள்ளி உற்பத்திக்கான வெளியேற்றத்தை 2030க்குள் 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 36 விழுக்காடு குறைப்பது. உற்பத்தி வேகமாக வளர்ந்தால் மொத்த வெளியேற்றம் ஏறினாலும் அந்த இலக்கு நிறைவேறிவிடும். 2020இல் அதை மாற்றி, 6.5 கோடி டன் என்று ஒரு மொத்த அளவைச் சொன்னார்கள். 2022இல் அது 2030ஆம் ஆண்டுக்கு 6 கோடி டன் ஆனது. 2035ஆம் ஆண்டுக்கு 4.5 முதல் 5 கோடி என்று மேலும் இறங்கியிருக்கிறது. விகிதத்திலிருந்து மொத்தத்துக்கு நகர்ந்தது, இந்த இழையில் பேசப்படும் வேறுபாட்டை அரசே ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பாகும். இந்தியாவின் முதன்மை இலக்கு, 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பு, இன்னும் விகிதமாகவே இருக்கிறது. தலைக்கு வெளியேற்றம் அவ்வளவு குறைவாக உள்ள, இன்னும் வளர வேண்டிய நாட்டுக்கு அது நியாயம்; நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

மாணவிக்கு ஒரு செய்தி. செல்வம் கூடக்கூட மாசு முதலில் ஏறிப் பிறகு இறங்கும் என்ற கவிழ்ந்த கிண்ண வளைகோட்டை, 1991இல் பொருளியலாளர்கள் கிராஸ்மன், குரூகர் இருவரும் எழுதிய ஆய்வுக்குப் பிறகு எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். அந்த வளைகோடு கந்தக டையாக்சைடு போன்ற உள்ளூர் மாசுகளுக்கு ஓரளவு பொருந்துகிறது. காரணம் எளிது: நாற்றமும் இருமலும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. சிங்கப்பூர் ஆற்றை 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் செலவழித்துச் சுத்தம் செய்தோம். 1975லேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கினோம். 2013 ஜூனில் புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டபோது, மறு ஆண்டே எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றினோம். கரியமில வாயுவுக்கு நாற்றமில்லை. அது யார் வாசலுக்கும் வந்து கதவைத் தட்டுவதில்லை. ஆகவே உங்கள் "சுற்றுச்சூழல்" என்ற ஒற்றைச் சொல்லை உடைத்து, உள்ளூர் மாசு ஒருபுறம், உலக மாசு மறுபுறம் என்று இரண்டு வரைபடங்கள் போடுங்கள். முதலாவதில் சாய்வு தெளிவாகத் தெரியும் என்று எதிர்பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி: ஆற்றல் எண்களை எங்கிருந்து எடுத்தீர்கள், வெளியேற்ற எண்களை எங்கிருந்து எடுத்தீர்கள்?

---

பகுதிநேர மாணவி எழுதியது:

ஐயா, அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. ஆற்றல் எண்கள், பிபி நிறுவனம் பல்லாண்டுகள் வெளியிட்டு, இப்போது எனர்ஜி இன்ஸ்டிட்யூட் வெளியிடும் உலகத் தொகுப்பிலிருந்து எடுத்தவை. வெளியேற்ற எண்கள் நாடுகள் ஐநாவுக்கு அளிக்கும் கணக்கிலிருந்து எடுத்தவை. இரண்டுமே நம்பகமானவை என்பதால் நான் யோசிக்கவில்லை.

---

துவாஸ் சில்லர்காரன் எழுதியது:

அங்கேதான் இருக்கிறது முடிச்சு. நம்மூர் உலகிலேயே அதிகமாகக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகம். ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல். ஐநாவின் விதிப்படி, பன்னாட்டுக் கப்பலிலும் விமானத்திலும் எரிவது எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. குறிப்பாக மட்டும் தனியே காட்டப்படும். நீங்கள் சொன்ன உலகத் தொகுப்போ அதை நிரப்பிக்கொடுத்த நாட்டின் எண்ணெய்ப் பயன்பாட்டிலேயே சேர்க்கிறது. ஒரு டன் கப்பல் எண்ணெய் எரிந்தால் மூன்று டன்னுக்குச் சற்று மேல் கரியமில வாயு வரும். பெருக்கினால் 15 கோடி டன்னைத் தாண்டுகிறது. சிங்கப்பூர் தன் கணக்கில் காட்டும் மொத்தமோ 6 கோடிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் அட்டவணையில் நம் நாடு ஒரு நெடுவரிசையில் அந்த எண்ணெயைக் குடிக்கிறது, மறு நெடுவரிசையில் அதன் புகையை விடுவதில்லை.

---

ஈசூன் மாடிவீடு எழுதியது:

அப்படியென்றால் சிங்கப்பூரின் ஆற்றல் உள்ளீடு ஊதிப் போயிருக்க வேண்டும்; மதிப்பெண் குறைந்திருக்க வேண்டுமே? எப்படி 1 வந்தது? இந்தப் பிழை சிங்கப்பூருக்குப் பாதகமான பிழை என்பதையும் கவனியுங்கள்.

---

பழைய கரும்பலகை எழுதியது:

நல்ல கேள்வி. மாணவியே, உங்கள் மென்பொருள் எடைகளுக்கென்று தனித் தாள் ஒன்றை உருவாக்கியிருக்கும். அதைத் திறந்து சிங்கப்பூருக்கான வரிசையைப் பாருங்கள்.

---

பகுதிநேர மாணவி எழுதியது:

பார்த்துவிட்டேன். சிங்கப்பூருக்கான வரிசையில் ஆற்றலுக்கான எடை 0. உழைப்புக்கும் கரியமில வாயுவுக்கும் மட்டுமே எடை விழுந்திருக்கிறது. ஐயா சொன்ன பிடித்த பாடம் இதுதான் என்று இப்போது புரிகிறது. ஊதிப்போன அந்த நெடுவரிசையைக் கணக்கு எடுத்துப் பார்க்கவே இல்லை. அயர்லாந்துக்கும் ஆற்றல் எடை 0தான்.

ஆற்றல், வெளியேற்றம் இரண்டையும் ஒரே மூலத்திலிருந்து எடுத்து, கப்பல் எரிபொருளைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை ஓட்டப் போகிறேன். அயர்லாந்துக்குத் திருத்திய தேசிய வருமானம். வீணாகும் உள்ளீட்டையும் மதிப்பெண்ணில் கழிக்கும் முறையை டோன் என்ற ஆய்வாளர் 2001இல் எழுதியிருப்பதாக எங்கள் பாடக்குறிப்பில் இருக்கிறது, அதையும் பார்க்கிறேன். இறக்குமதியில் ஒளிந்திருக்கும் வெளியேற்றத்துக்கு, நொய்யல்கரை அண்ணன் சொன்னதற்காக, தனியாக ஒரு நெடுவரிசை. ஒரே வரியில் பதில் எழுத முடியவில்லை என்று விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒரு வாரம் கூடுதல் அவகாசமும் கேட்டிருக்கிறேன்.